மேற்பல் ஆறும் என் குடலும்

வாயில் பஞ்சை வைத்துக் கடித்தபடி உடுவில் ஒழுங்கைகளுக்குள்ளால் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் நோயாளரைப் பார்க்க வருகிற சனத்தோடு சனமாக ஆஸ்பத்திரிப் படலையைத் தாண்டி வந்தவன் நான். உடுத்திருந்த சாரமும் ஆஸ்பத்திரியுடையதுதான். முதல் நாள் என் கீழ்வாயில் நான்கு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். மேல்வாயில் ஆறு பற்களை அன்று பின்னேரம் பிடுங்குவதாக இருந்தது. அந்த ஆறுக்குப் பயந்துதான் ஓடினேன்.

வேகமாக நடக்க முடியவில்லை. அந்த வருஷம் பாதைகளை நான் வேறு விதமாகப் படித்து வைத்திருந்தேன். எந்தத் திருப்பத்தில் வடலிப் பற்றை இருக்கிறது, எந்த வளவுக்கு வேலி இல்லை, எந்தக் காணியில் பகலில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கோப்பாயில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு இடத்தில் ஒதுங்கினேன். ஏழு இடத்திலும் இரத்தம் போனது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். காங்கேசன்துறையில் மூட்டை தூக்கினேன், உப்பளத்தில் உப்பு வாரினேன், புகையிலை வண்டிகளோடு போனேன், கடைசியில் வன்னிக் காட்டில் மரம் தறிக்கப் போனேன். பசி, காய்ச்சல், வெறுந்தரை எல்லாம் வழியில் வருகிற சாமான்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த வருத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுவதற்குக் காரணம், அது என்னை நானே கண்டிராத ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான்.

காட்டில் இருக்கும்போது வாய்தான் முதலில் பழுதானது. பல்லைச் சுற்றியுள்ள முரசு வீங்கி, தொட்டால் இரத்தம் வந்தது. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெள்ளைப் புண்கள் போட்டன. எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஓட்டைப் பல்லுக்குள் புகையிலைக் காம்பைக் கிள்ளி அடைத்தேன். நோ மரத்துப் போகும். இரத்தம் வருகிறதே, அதை ஏன் இன்னும் கிளறுவான் என்று பல் விளக்குவதையும் விட்டுவிட்டேன். உமிக்கரியைத் தொட்டு ஒன்றரை வருஷமாயிற்று. இதைவிடப் பெரிய பிழை ஒன்றை நான் என் வாயில் செய்திருக்க முடியாது என்று பிறகுதான் அறிந்தேன்.

பின்னர் வயிறு தொடங்கியது. சீதமும் இரத்தமுமாக நாளுக்குப் பத்துத் தரம், பதினைந்து தரம். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஒருவர் மூலச்சூடு என்று சொல்லி மோரும் குளிகையும் தந்தார். காட்டுக்கு வந்துபோன, இங்கிலீஷ் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வயிற்றுளைவு என்று சொல்லி ஊசி போட்டார். அவரவர் அறிந்தபடி செய்தார்கள். குறை சொல்ல மாட்டேன். இரண்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. வேட்டியை இறுக்கி இறுக்கி, முடிச்சு முதுகுப் பக்கம் போய்விட்டது. ஒரு நாள் கோடரியைத் தூக்கினேன். அது என்னையும் சேர்த்துத் தூக்கியது போல இருந்தது. கோடரியைக் கீழே வைத்துவிட்டு, வந்த வண்டியில் ஏறி யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்கு வந்தேன்.

மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் வேண்டாம். வெளி விறாந்தையில் நீள வாங்குகள் போட்டிருந்தன. விடியற்காலையிலேயே அவை நிரம்பிவிடும். வாங்கில் இடம் பிடித்தவன் எழும்பினால் இடம் போய்விடும். என்னால் எழும்பாமல் இருக்க முடியாது. நான் எழும்பிப் போகும் ஒவ்வொரு தரமும் எனக்கு இடத்தைப் பிடித்து வைத்தவர், காலில் கட்டுப் போட்ட ஒரு மனிதர். வல்வெட்டித்துறைத் தண்டையல் அவர், பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். நங்கூரச் சங்கிலி காலில் விழுந்து நசித்ததாம். கைத்தடியை என் இடத்தில் நீட்டிப் போட்டுவிட்டு, வருகிறவர்களிடம் அங்கே ஒரு பெரிய மனுசர் இருக்கிறார், இப்போது கொல்லைப் பக்கம் விசாரணைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வாட்டிலும் எங்கள் கட்டில்கள் பக்கம் பக்கமாக அமைந்தன.

டாக்குத்தர் எங்கள் தமிழர்தான். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். என் மலத்தில் ஒரு பொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் மூன்று நாள் தொடர்ந்து பார்த்தார். வயிற்றுளைவைக் கொண்டுவரும் கிருமி ஒன்றும் அதில் இல்லையாம். அதனால்தான் ஊசி வேலை செய்யவில்லை. நாலாம் நாள் ஒரு பளபளக்கும் குழாயைக் கொண்டுவந்தார். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் குறைந்த நீளம். அதன் நுனியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு மின்சார விளக்கு. என்னை முழங்காலில் குனிய வைத்து, அந்தக் குழாயைப் பின்வழியால் விட்டு, விளக்கைக் கொளுத்தி உள்ளே பார்த்தார். நோவைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. தலையணையைக் கடித்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்திலும் எனக்குள் ஓடிய நினைப்பு ஒன்றே: நான் இருபத்தொன்பது வருஷமாகக் காவிக்கொண்டு திரிந்த இருட்டுக்குள் இப்போது ஒரு விளக்கு எரிகிறது.

பார்த்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவர், எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"வாயைத் திறவும்."

திறந்தேன். ஒரு மெல்லிய கம்பியால் முரசைத் தொட்டார். இரத்தம் கசிந்தது. கன்னத்தை ஒதுக்கிப் புண்களைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் தந்து என்னையே பார்க்கச் சொன்னார். அத்தனை காலமும் நான் என் வாய்க்குள் பார்த்ததில்லை. சிவந்து, ஈரமாய், ஓரங்களில் மஞ்சள் படிந்து, அழுகிய பலாச்சுளை போலக் கிடந்தது.

"நீர் இப்ப பாக்கிறது மேல்வாசல். நான் இவ்வளவு நேரமும் பாத்தது கீழ்வாசல். ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்குது. தொட்ட இடமெல்லாம் கசியுது. நடுவிலை இருபது அடிக்கு மேலை ஒரே குழாய்தான்."

நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். வாய் வேறு, வயிறு வேறு என்று நினைத்திருந்தவன் நான். காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு வரை கால்நடையாகப் போனவன். என் வாயிலிருந்து ஒரு பாதை புறப்பட்டு, எனக்குள்ளேயே மடிந்து மடிந்து, என்னைவிட நாலு மடங்கு நீளமாகப் போகிறது என்பதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

வருத்தத்தின் பெயரைக் கேட்டேன். அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் என்றார். தமிழில் சொன்னால், பெருங்குடலின் உட்தோல் முழுக்கப் புண்ணாகி ஆறாமல் கிடப்பது. ஏன் வருகிறது என்று கேட்டேன். அவர் மேசைக்குப் போய், என் பல்லிடுக்கில் சுரண்டியெடுத்த அழுக்கை ஒரு துளி நீரில் கரைத்து, கருவிக்குக் கீழே வைத்து, என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. என் கண்மயிர்தான் தெரிந்தது. அவர் ஒரு திருகாணியைத் திருப்பினார். பிறகு ஓர் ஊர் தெரிந்தது. நூல் போன்றவை சுருண்டு சுருண்டு நீந்தின. கம்பு போன்றவை கூட்டமாக மிதந்தன. சில சும்மா நின்று துடித்தன. வலை இழுத்துக் கரை சேர்த்தவுடன் மீன் குவியல் எப்படி அசையுமோ அப்படி அந்த ஒரு துளி முழுவதும் அசைந்தது. என் பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பதையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நான் தனி ஆள் என்றுதான் இவ்வளவு நாளும் ஊர் ஊராய்த் திரிந்தேன். ஒரு நாளும் தனியாய் இருந்ததில்லை.

இவை எல்லாருடைய வாயிலும் உண்டு, உம்முடைய வாயில் மிகக் கூடுதலாக இருக்கின்றன, விழுங்குகிற ஒவ்வொரு எச்சிலோடும் கீழே போகின்றன என்று டாக்குத்தர் விளக்கினார். அந்தக் காலத்து மருத்துவப் புத்தகங்கள் சில, அழுகிய பல்லிலிருந்து நஞ்சு ஊறிக் குடலைக் கெடுக்கிறது என்று எழுதின. வேறு சில அதை மறுத்தன. தான் கண்டது இவ்வளவுதான் என்றார்: வாய் பழுதான சிலருக்குக் குடல் கெட்டிருக்கிறது, குடல் கெட்ட சிலருக்கு வாய் புண்ணாகியிருக்கிறது.

"எது முந்தி, ஐயா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அழுகின பல்லை வாய்க்கை வைச்சுக்கொண்டு மருந்து குடிக்கிறது, ஓட்டைப் படகிலை நிண்டு தண்ணி இறைக்கிற மாதிரி. பத்துப் பல்லு காப்பாத்தேலாது. எடுப்பம்."

ஒரு டாக்குத்தர் எனக்குத் தெரியாது என்று சொல்வதை நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதனாலேயே அவரை நம்பினேன். கீழ்ப்பல் நான்கையும் விறைப்பு ஊசி போட்டு எடுத்தார். ஒவ்வொன்றின் வேரிலும் சீழ் இருந்தது. பீங்கான் கோப்பையில் போட்டுக் காட்டினார்.

கட்டிலுக்குத் திரும்பியபோது தண்டையல் நல்லாய்த்தான் கேட்டார், இனி மற்றதெல்லாம் எப்போது என்று. நாளை மேற்பல் ஆறு என்று விரலால் காட்டினேன். அவர் முகம் மாறியது. எழும்பி உட்கார்ந்தார்.

"மேற்பல்லோ? தம்பி, விசர் வேலை பாக்காதை. மேற்பல்லின்ரை வேர் கண்ணிலை போய்க் கொளுவியிருக்குது. அதை இழுத்தா கண் அவிஞ்சிடும்."

நாகப்பட்டினத்தில் ஒரு மாலுமி மேற்பல்லைப் பிடுங்கிக் கண்ணை இழந்த கதையையும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் ஆமாம் போட்டார். அவருக்கும் ஒரு பெரியப்பா அப்படி இருந்தாராம். பார்க்க வந்த பெண்கள் இருவரும், அது ஊரறிந்த விஷயம்தானே என்றார்கள். உண்மையில் எனக்கும் தெரிந்த விஷயம்தான். எங்கள் ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டது. பிடுங்கும் நாள் வரும்வரை நினைவுக்கு வராமல் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிரவு நித்திரை இல்லை. பற்களை வைத்திருந்தால் இரத்தம் போய்ப் போய்ச் சாவேன். பிடுங்கினால் கண் போகும். சாவைப் பற்றி எனக்குப் பெரிய கணக்கு இருக்கவில்லை. கண் தெரியாமல் ஒரு முற்றத்தில் உட்கார வைத்து, ஒரு பிடி சோற்றைக் கையில் தந்து, சாகும்வரை அதே வேலிச் சத்தத்தைக் கேட்க விடுவார்களே, அதுதான் என்னால் தாங்க முடியாதது. குடலோடு போனாலும் பரவாயில்லை, நடந்து போவோம் என்று தீர்மானித்தேன். அப்படித்தான் மறுநாள் மத்தியானம் உடுவில் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தேன்.

அக்காவின் பெயர் பொன்னம்மா. என்னைவிட ஆறு வயது மூப்பு. கிணற்றடியில் வெங்காயம் கழுவிக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போனாள். பாயைப் போட்டாள். வளவின் மூலையில் மூன்று பக்கமும் தென்னோலைக் கிடுகால் ஒதுங்க ஓர் அடைப்பை அத்தான் அந்தப் பொழுதுக்குள் கட்டி முடித்தார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அடைப்பு என் பாயிலிருந்து பத்தடி தூரம். அந்தப் பத்தடியைப் போல ஓர் உபகாரத்தை எனக்கு அதற்கு முன் யாரும் செய்ததில்லை.

இரவுக் கஞ்சியின்போது எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான், மேற்பல் விஷயம் உண்மைதான் என்று தலையாட்டினார். அக்கா கஞ்சிச் சட்டியைக் கழுவி வைத்தாள். அடுத்த நாள் விடிய எழும்பி, ஓர் ஊசியையும் கொஞ்சம் நூலையும் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே போனாள். மத்தியானம் வந்தாள், சமைத்தாள், திரும்பப் போனாள். இரண்டு நாள் இதுவே நடந்தது. நெல்லுக் குத்துகிற வீட்டுக்கும் கோயில் மடத்துக்கும் சந்தைக்கும் போயிருக்கிறாள் என்பது அத்தானின் காதுக்கு வந்த செய்தி. போகிற இடமெல்லாம் பல்லில்லாதவர்களைத் தேடி, ஊசியை நீட்டி நூல் கோத்துத் தரச் சொல்கிறாளாம்.

இரண்டாம் நாள் பின்னேரம் வந்து என் பாயின் பக்கத்தில் இருந்தாள்.

"மேற்பல்லு இல்லாத ஆக்கள் பதின்மூண்டு பேரைப் பாத்தன். ஒன்பது பேர் கோத்தவை. மிச்சம் நாலு பேரிலை ரெண்டு பேருக்குக் கண்ணிலை பூ விழுந்தது. அது பல்லு விழ முந்தியே எண்டு அவையே சொல்லுகினம். ஒராள் கை நடுக்கத்திலை விட்டிட்டார்."

"மற்றவர்?"

"மற்றது சின்னாச்சி மாமி. கோக்கமாட்டன் எண்டு ஊசியை எறிஞ்சு போட்டா. உன்ரை தம்பியின்ரை பல்லுக்கு நான் ஏன்டி சோதினை எழுதவேணும் எண்டு கேட்டா. எறிஞ்ச ஊசியைத் தானே மணலுக்கை கண்டு எடுத்தும் தந்தா."

அத்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தண்டையல் சொன்ன மாலுமியைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"அந்த மாலுமியை நீ கண்டனியோ?"

"இல்லை."

"தண்டையல் கண்டவரோ?"

அதை நான் கேட்டிருக்கவில்லை. அக்கா ஊசியைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துச் மண்சுவரில் குத்தி வைத்தாள். பிறகு மெல்லிய குரலில் கதைத்தாள்.

"முப்பத்திரண்டு பல்லும் இருக்கிற நாலு பேரையும் கேட்டுப் பாத்தன். ஒராளாலை கோக்கேலாமப் போச்சுது. தம்பி, பல்லு வேறை, கண் வேறை. எனக்கு அது வடிவா விளங்கிட்டுது. நீ இந்த மூலைக்கும் பாய்க்கும் நடந்து சாகிறதை நான் பாக்கமாட்டன்."

அவள் பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவள். இத்தனை காலமும் ஊர் முழுவதும் சொன்ன ஒன்றை, கையில் ஓர் ஊசியோடு வீடு வீடாகப் போய்ச் சரி பார்த்திருக்கிறாள். அந்தக் கருவிக்குள் நீந்தியவற்றைப் பார்த்தபோது வந்த அதே திகைப்பு எனக்கு அப்போதும் வந்தது. அடுத்த நாள் அத்தான் வண்டி கட்டினார். அக்காவும் ஏறினாள்.

நேர்ஸ் என்னைக் கண்டதும் சாரத்தைத்தான் முதலில் பார்த்தாள். தோய்த்துக் கொண்டுவந்த ஆஸ்பத்திரிச் சாரத்தை அக்கா நீட்டினாள். தண்டையல் கட்டிலில் இருந்தபடி, நான் ஓடிய பிறகு எனக்கென்று வந்த முட்டைகளைத் தான்தான் தின்றதாகவும், திரும்பி வந்ததால் தனக்கு நட்டம் என்றும் சொன்னார். அந்த மாலுமியை அவர் நேரில் கண்டதுண்டா என்று அக்கா அவரைக் கேட்டாள். இல்லைத்தான், துறைமுகத்தில் கேள்விப்பட்டது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

டாக்குத்தர் ஏச்சொன்றும் ஏசவில்லை. ஏன் ஓடினீர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மேற்பல்லின்ரை வேர் கண்ணுக்குக் கிட்டத்தான். நடுவிலை எலும்பு இருக்குது. பல்லு அழுகினா முகம் வீங்கும், வீங்கினாக் கண் மூடும். அதைக் கண்ட சனம் அப்பிடிச் சொல்லுது. உமக்கும் வீங்கினாலும் வீங்கும். பயப்பிடக் கூடாது."

மூன்று நாள் இடைவெளி விட்டு, இரண்டு தரமாக ஆறையும் எடுத்தார். இரண்டாம் தரம் எடுத்த அன்று மாலை என் இடக்கன்னம் வீங்கத் தொடங்கியது. விடியும்போது இடக்கண் முழுதாக மூடிவிட்டது. அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தும், அந்தக் காலை நான் பட்ட பயத்தை எழுதத் தெரியவில்லை. விரலால் இமையைப் பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. தண்டையல் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பகிடி விடாமல் இருந்ததுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது. அக்கா விறாந்தையில் படுத்து எழும்பியவள், வந்து ஈரச்சீலையை மடித்துக் கண்ணில் வைத்தாள். காய்ந்ததும் திரும்ப நனைத்தாள். அப்படியே அந்தப் பகலும் அடுத்த பகலும் போயின. ஒரு தரமாவது, கண் திறக்கும் என்று அவள் சொல்லவில்லை. அவளும் பயந்துதான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை இமைக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு கோடு. பிறகு அக்காவின் மூக்குத்தி. அவள், கொண்டுவந்திருந்த ஊசியையும் நூலையும் என் கையில் தந்தாள். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு கோத்தேன். இரண்டாம் முயற்சியில் போனது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. ஊசியை இங்கே தா, என் கண்ணையும் ஒருக்காப் பார்த்துக்கொள்வோம் என்றார் தண்டையல். பல் எல்லாம் இருந்த அவரால் கடைசிவரை கோக்க முடியவில்லை.

அதன் பிறகு ஏழு கிழமை, ஏறத்தாழ ஐம்பது நாள், படுக்கை. மருந்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இரத்தம் ஊற இரும்புச்சத்து மருந்து, கூவைக்கிழங்கு மாக் கஞ்சி, அவித்த முட்டை, ஆட்டுப் பால். எழும்பாமல் படுத்திருப்பதே பாதி வைத்தியம் என்றார் டாக்குத்தர். நடந்தே பழகியவனுக்கு அதுதான் கடுமையான மருந்து. சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தரமும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். மிஞ்சிய பற்களை இரத்தம் வந்தாலும் மெல்ல விளக்க வேண்டும். இரத்தம் வருவது விளக்கியதால் அல்ல, விளக்காததால் என்று அவர் விளங்கப்படுத்தினார். புகையிலையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். முதல் பத்து நாளில் முரசின் வீக்கம் இறங்கியது. வாய்ப் புண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வயிறு அவ்வளவு அவசரப்படவில்லை. பதினைந்து பத்தாயிற்று, பத்து ஆறாயிற்று. ஒரு கிழமை திரும்பவும் கூடி என்னைக் கலங்க வைத்தது. ஐந்தாம் கிழமை ஒரு நாள், இரத்தமில்லாமல் வந்தது. அதை நான் நேர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள்.

வீட்டுக்கு விடுவதற்கு முன் டாக்குத்தர் திரும்பவும் அந்தக் குழாயை விட்டுப் பார்த்தார். புண் ஆறியிருக்கிறது, புதுத்தோல் வருகிறது என்றார். பல்லை எடுத்ததால்தானே ஆறியது என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"பல்லாலை இருக்கலாம். படுக்கையாலை இருக்கலாம். சிலருக்குத் தானாவும் அடங்கும். உள்ளதைச் சொல்லுறன், எனக்குத் தெரியாது. திரும்பி வந்தாலும் வரும். வந்தா ஓடாமல் இஞ்சை வாரும்."

அந்த வார்த்தையை இன்றுவரை வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி இரத்தம் போனால் பல்லைப் பிடுங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் தெரியாது. வாயைத் திறந்து காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். வயிற்றுக்காரனாகப் போனால் வாயையும், வாய்க்காரனாகப் போனால் வயிற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லித் திரிந்ததில் ஒன்றரை வருஷம் போனது.

அக்கா தன் வீட்டோடு இருக்கச் சொன்னாள். ஒரு மாதம் இருந்தேன். வேலிக்கு வெளியே வண்டி போகும் சத்தம் கேட்டால் கால் தானாக அசைந்தது. அவள் கண்டுவிட்டாள். ஒரு போத்தலில் உப்பும் ஒரு பொட்டலத்தில் உமிக்கரியும் கட்டித் தந்து, இரத்தத்தைக் கண்டால் முதலில் இங்கே வந்து சொல்லிவிட்டுத்தான் சாகவேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். அத்தான் சந்திவரை கூட வந்தார்.

அச்சுவேலிப் பக்கம் போகும்போது பொழுது சாய்ந்தது. தெருவோரப் புகையிலைத் தோட்டத்தில் ஒருவர் துலாவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். வேலை இருக்கிறதா என்று கேட்டேன். துலாவில் ஏறி மிதிக்க ஓர் ஆள் குறைகிறது என்றார். அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துதான் கேட்டேன். கிணற்றுக்கு மேலே நிற்கும் அந்த நீண்ட மரத்தில் இருவர் முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் நடக்க நடக்க, நீர் அள்ளும் பட்டை கிணற்றில் இறங்கும், நிரம்பி ஏறும். கீழே ஒருவர் அதைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். தொடங்கினால் தோட்டம் முழுவதும் நனையும்வரை நடக்க வேண்டும். நடுவில் இறங்குகிற ஆளுக்கு அதில் இடமில்லை. ஓர் ஆள் இறங்கினால் நீர் நின்றுவிடும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாய்க்கை பல்லைக் காணேல்லை. உடம்பிலை நிறையையும் காணேல்லை. மிதிப்பியோ?"

"மிதிக்கிறது காலாலைதானே, ஐயா."

அவருக்கு அது பிடித்திருக்க வேண்டும். மாட்டுக் கொட்டிலில் படுக்க இடம் தந்தார்.

விடிவெள்ளியோடு எழும்பி, வாய் கொப்பளித்து, முரசில் விரலை ஓட்டிப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. துலாவில் ஏறினேன். முதல் பத்து நடையில் கால் நடுங்கியது. முன்னால் நடந்தவரின் குதிக்காலைப் பார்த்து அடி வைத்தேன். மரம் சாய்ந்தது, நிமிர்ந்தது. கீழே நீர் விழும் சத்தம் கேட்டது. பழைய பழக்கத்தில் ஒவ்வொரு திரும்பலிலும் வயிற்றைக் கேட்டுக்கொண்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஏறிப் பனை உச்சிகளைத் தாண்டியது. எத்தனை நடை என்று எண்ணுவதை எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியவில்லை.

தோட்டக்காரர் பட்டையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"களைச்சா இறங்கன், கொஞ்சம் நிப்பாட்டுவம்."

"இன்னும் எத்தினை பாத்தி கிடக்குது?"

"பதினாலு."

நடந்தோம்.